கர்ப்பம் கலைக்க மாத்திரை எடுத்து 17 நாள் ஆகிறது, கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இன்னும் இரண்டு கோடு

மழைக்காலம் (திங்கள், இரவு 11.50)

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 29 வயது, திருவான்மியூர். 14 மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். பால் கொடுக்கும்போது தங்காது என்று நம்பியிருந்தோம், தங்கிவிட்டது. நானும் கணவரும் நாலு நாள் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம், அது சரியா தவறா என்று இங்கே யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். ஸ்கேனில் 6 வாரம் 4 நாள் என்று வந்தது. டாக்டர் அவர் முன்னாலேயே ஒரு மாத்திரையை விழுங்கச் சொன்னார், இரண்டு நாள் கழித்து நாலு மாத்திரை வீட்டில். அன்று மாலையிலிருந்து இரவு பத்து மணி வரை உயிர் போகிற வலி, கட்டி கட்டியாக இரத்தம். அப்புறம் மெல்லக் குறைந்தது. இப்போதும் லேசாகப் படுகிறது.

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். பையனுக்குக் காய்ச்சல், அதோடு ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டார், அவருக்கு எதுவும் தெரியாது, அதனால் போகவில்லை. நாலு மாத்திரை எடுத்து இன்று 17ஆம் நாள். மதியம் கிட் வாங்கி அலுவலகக் கழிவறையிலேயே பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கோடும் முதல் கோடு மாதிரியே அடர்த்தியாக இருக்கிறது. வீட்டுக் குப்பையில் போட முடியாது என்பதால் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அது இன்னும் உள்ளேயே இருக்கிறதா? வளர்கிறதா? உடனே போய்க் கிளீன் செய்துகொள்ள வேண்டுமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரம் (செவ்வாய், காலை 5.40)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்மா, காலையில் எழுந்ததும் மறுபடி கிட் போட்டுப் பார்க்காதீர்கள். 17ஆம் நாள் இரண்டு கோடு வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் 31 வருடம் பிரசவ வார்டிலும் குடும்பநலப் பிரிவிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், இப்போது ஓய்வு பெற்றுப் பெரம்பூரில் இருக்கிறேன். இந்தக் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்த பெண்களை எண்ணிச் சொல்ல முடியாது.

கிட் பார்ப்பது குழந்தையை அல்ல, எச்சிஜி என்கிற ஹார்மோனை. கருவோடு சேர்ந்து வளர்கிற நஞ்சுத் திசு அதைச் சுரக்கிறது. கரு வெளியேறியதும் சுரப்பது நின்றுபோகும், ஆனால் அதுவரை இரத்தத்தில் சேர்ந்தது ஒரே நாளில் போகாது, பாதி பாதியாகத்தான் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறேழு வாரத்தில் எச்சிஜி ஆளுக்கு ஆள் மிகவும் மாறும், உங்களுக்கு 40,000 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் கிட் 25 இருந்தாலே இரண்டாவது கோடு காட்டிவிடும். 40,000 பாதியாகி 20,000, அது 10,000, அப்புறம் 5,000, இப்படியே 25க்குக் கீழே வர 11 தடவை பாதியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பாதிக்கு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். கடைசிப் பகுதியில் இன்னும் மெதுவாகும். அதனால் மூன்று நாலு வாரம் கோடு வருவது சாதாரணம், சிலருக்கு ஆறு வாரம் வரை கூட இழுக்கும். எத்தனை வாரக் கர்ப்பத்தில் கலைத்தார்களோ அதைப் பொறுத்தும் மாறும். எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள்தான் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்தில் கலைத்தவர்களுக்கு இறங்க வேண்டிய தூரமும் அதிகம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு உங்களைச் சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். முதல் ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்களா? வாந்தி, குமட்டல் இருந்திருந்தால் அது நின்றதா? காய்ச்சலோ, நாற்றமடிக்கும் வெள்ளையோ உண்டா? வயிற்றில் ஒரே பக்கமாக வலிக்கிறதா? பதில் எழுதுங்கள்.

நாலு மாத்திரை எடுத்த 24 மணி நேரத்துக்குள் இரத்தமே வராமல் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்தக் கோட்டுக்காகவும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரு மணிக்கு இரண்டு பேடு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், 100.4க்கு மேல் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டி நின்றாலும், மயக்கம் வந்தாலும் அப்படியே. 108ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மூன்றிலும் நடு இரவிலும் பார்ப்பார்கள்.

சோதனைக்குழாய் (செவ்வாய், காலை 8.15)

நான் தாம்பரம் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். அக்கா சொன்னதோடு கோட்டைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டாவது கோடு அடர்த்தியாக இருப்பதால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தமில்லை. 300 இருந்தாலும் அடர்த்தியாக வரும், 30,000 இருந்தாலும் அடர்த்தியாக வரும். அந்தக் கிட் உண்டு, இல்லை என்று சொல்வதற்காகச் செய்தது, அளப்பதற்காக அல்ல. நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்பதிலேயே அது மாறிவிடும். பெட்டியில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் அதற்குள் பாருங்கள், அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால் காய்ந்த தடம் கூடக் கோடு மாதிரித் தெரியும்.

அளவு தெரிய வேண்டுமென்றால் இரத்தத்தில் பீட்டா எச்சிஜி டெஸ்ட், அதே ஹார்மோனை எண்ணாகச் சொல்லும். ஒன்று எடுத்தால் போதாது, 48 மணி நேரம் விட்டு இரண்டாவது எடுக்க வேண்டும், இரண்டையும் ஒரே லேபில் எடுக்க வேண்டும். லேபுக்கு லேப் மிஷினும் கெமிக்கலும் வேறு, அங்கே 310, இங்கே 340 என்று வந்தால் ஏறிவிட்டது என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் கேள்வி, முதல் எண் எவ்வளவு என்பது இல்லை. மாத்திரைக்கு முன்னால் ஒரு பீட்டா எடுத்திருந்தால் இன்னும் சுலபம், ஒரு வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய. அதிக அளவில் சாப்பிட்டால் சில மிஷின்களில் பீட்டா உண்மையை விடக் குறைவாகக் காட்டும். இரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம்தளம் (செவ்வாய், காலை 10.30)

இந்த இழையைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. என் கதையையும் கேளுங்கள், ஏனென்றால் எனக்கு எல்லோரும் "ஹார்மோன்தான், இறங்கிவிடும்" என்று சொல்லியே நாளைக் கடத்தினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. நான் டாக்டரிடம் போகவில்லை. இங்கே பெரும்பாலான மருந்துக்கடைகளில் அந்த மாத்திரையை வைப்பதே இல்லை, கணவரின் நண்பர் வேறு மாநிலத்திலிருந்து வாங்கி வந்தார். ஸ்கேன் எடுக்கவில்லை, எத்தனை வாரம் என்றும் சரியாகத் தெரியாது. எடுத்த அன்று ஒரு நாள் பீரியட்ஸ் மாதிரி வந்தது, மறுநாள் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்துக் கிட்டில் இரண்டு கோடு. மாத்திரை வாங்கி வந்தவரிடமே கேட்டோம், ஒன்றரை மாதம் அப்படித்தான் காட்டும் என்றார். வாந்தி நிற்கவில்லை, காலையில் பல் தேய்க்க முடியவில்லை. அதையும் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துச் சமாளித்தேன். எட்டாவது வாரம் பாவாடை நாடா கட்டும்போது வயிறு தட்டுப்பட்டது. ஸ்கேனில் 16 வாரம், இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது.

அந்த நாலு மாத்திரைக்கு மிசோபிராஸ்டால் என்று பெயர், அது வேலை செய்யாமல் கர்ப்பம் தொடர்ந்தால் சில குழந்தைகளுக்குக் கை கால், முகத்து நரம்புகளில் குறை வரலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொன்னார். எல்லாக் குழந்தைக்கும் வராது என்றும் சொன்னார், ஆனால் அந்த நிலையில் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அரசு மருத்துவமனையில் சேர்ந்து கலைத்தார்கள், இரண்டு நாள் ஆனது, பிரசவ வலி மாதிரியே இருந்தது. சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும், நாலு வாரம் மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு வயதான ஆயா என் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் மழைக்காலம், உங்களுக்கு இரத்தம் நன்றாகப் போயிருக்கிறது, அது நல்லது. ஆனால் "நார்மல்தான்" என்று இங்கே நாலு பேர் எழுதினால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் பாருங்கள்.

வேப்பமரம் (செவ்வாய், காலை 11.05)

இரண்டாம்தளம், இதை எழுதியதற்கு நன்றிம்மா. அந்த "ஒன்றரை மாதம் அப்படித்தான் காட்டும்" என்ற பேச்சு பாதி உண்மை, பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். சரியாக எடுத்தால் ஒன்பது வாரத்துக்குள் இந்த மாத்திரைகள் நூற்றுக்கு 95க்கு மேல் வேலை செய்துவிடும், கர்ப்பம் அப்படியே தொடர்வது நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. ஆனால் இவருக்கு நடந்த மாதிரி இரத்தம் கொஞ்சமாக வந்து நின்று, வாந்தியும் நிற்கவில்லை என்றால் அந்த ஒருவர் நாமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு சொல்வதைக் கிட்டுக்கு முன்னால் கேளுங்கள். கரு வெளியேறிவிட்டால் குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும்.

கடற்கரைவண்டி (செவ்வாய், மதியம் 1.20)

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, என் மனைவிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. மாத்திரை எடுத்தாள், இரத்தமும் வந்தது, முடிந்தது என்று இருந்தோம். பத்து நாள் கழித்துச் சைதாப்பேட்டை ஸ்டேஷனில் படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வலது தோள்பட்டை வலிக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தூக்கியதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். ஆட்டோவில் கொண்டுபோனோம், கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருமுட்டைக் குழாயில் இருந்திருக்கிறது, வெடித்து வயிற்றுக்குள் இரத்தம். அன்றிரவே ஆபரேஷன், ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள்.

குழாயில் இருக்கும் கருவை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பையின் உள்பக்கம் உரிந்து இரத்தம் வரத்தான் செய்யும், அதனால் நமக்குக் கலைந்துவிட்டது என்றே தோன்றும். நாங்கள் முதலில் ஸ்கேன் எடுத்தது ஐந்து வாரத்தில், "இன்னும் கரு இருக்கும் பை தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வாரம் நாங்கள் பொறுக்கவில்லை. தோள்பட்டை வலிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாள் முன்னாடியே போயிருப்போம்.

மழைக்காலம் (செவ்வாய், மாலை 6.10)

ரயிலில் வரும்போது எல்லாவற்றையும் படித்தேன். இரண்டாம்தளம் அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கர்ப்பப்பைக்குள் ஒரு பை, இதயத் துடிப்பு இருக்கிறது என்று போட்டிருக்கிறது. குமட்டல் நாலாவது நாளே நின்றுவிட்டது, மறுபடி காபி குடிக்க முடிகிறது. மார்பு வலி பற்றிச் சொல்லத் தெரியவில்லை, பால் கொடுப்பதால் எப்போதும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, நாற்றம் இல்லை, ஒரு பக்க வலியும் இல்லை. ஆனால் ஒன்று, நேற்று மாலையிலிருந்து ஒருவேளை வயிறு கனக்கிறதோ என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் பீரியட்ஸ் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன், கருஞ்சீரகமும் எள்ளும் கருப்பட்டி போட்டுக் கஷாயம் குடி, பப்பாளிக்காய் சாப்பிடு, உள்ளே இருப்பது வந்துவிடும் என்கிறார். குடிக்கலாமா?

வேப்பமரம் (செவ்வாய், இரவு 7.30)

நீங்கள் சொன்ன நாலும் நல்ல பதில். கர்ப்பப்பைக்குள் இருந்தது என்று முன்பே தெரிந்துவிட்டதால் குழாய்க் கர்ப்பத்துக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. குமட்டல் நின்றது, இரத்தம் நன்றாகப் போனது. எனக்கு மனதில் கவலை இல்லை, ஆனால் என் மனதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. விட்டுப்போன அந்த இரண்டு வார விசிட்டுக்குப் போங்கள். நாள் தள்ளி வந்ததற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கேனும் இரண்டு பீட்டாவும் கேளுங்கள்.

எள்ளும் கருப்பட்டியும் சாப்பாடாகச் சாப்பிட்டால் தப்பில்லை, உடம்புக்கு இரும்பு சேரும். ஆனால் உள்ளே திசு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எந்தக் கஷாயமும் இறக்காது, ஹார்மோனும் அதனால் சீக்கிரம் குறையாது. அதை நம்பிக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. அந்த அம்மா அன்பாகத்தான் சொல்கிறார், அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள்.

நிழற்குடை (செவ்வாய், இரவு 9.45)

ஸ்கேனுக்குப் போவதற்கு முன் என்னிடமிருந்து ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரை எடுத்த 12ஆம் நாள் ஸ்கேன் பார்த்தார்கள், "எண்டோமெட்ரியம் 14 மில்லிமீட்டர், உள்ளே கலவையாகத் தெரிகிறது, கழிவு மிச்சம் இருக்கலாம்" என்று எழுதினார்கள். எண்டோமெட்ரியம் என்றால் கர்ப்பப்பையின் உள்சதை. காய்ச்சல் இல்லை, இரத்தமும் கொஞ்சம்தான். அந்த கிளினிக்கில் அன்றே டி அண்ட் சி, அதாவது உள்ளே சுரண்டிக் கிளீன் செய்தாக வேண்டும் என்றார்கள். பயந்து சம்மதித்தேன். அதற்குப் பிறகு எனக்கு மாதவிடாய் ஐந்து மாதம் வரவே இல்லை. சுரண்டியதில் கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதைப் பிரித்தெடுக்க இன்னொரு டாக்டரிடம் கேமரா வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

அந்த டாக்டர்தான் எனக்கு விளக்கினார். மாத்திரைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கர்ப்பப்பைக்குள் இரத்தக் கட்டியும் உரிந்த சதையும் இருப்பது வழக்கம், ஸ்கேனில் அது தடிப்பாகத் தெரியும். தடிப்பை மட்டும் வைத்துக் கிளீன் செய்யக் கூடாது. இரத்தம் அதிகமாகப் போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, மிச்சமிருக்கும் துண்டுக்கு இரத்த ஓட்டம் தெரிகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருந்தால் அடுத்த பீரியட்ஸ் வரை பொறுக்கலாம், இல்லை மிசோபிராஸ்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கத்தி மாதிரி சுரண்டும் டி அண்ட் சி வேண்டாம், உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது, உலக சுகாதார நிறுவனமே அதைத்தான் சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் எந்த முறை என்று வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

விடுதிஅறை (புதன், அதிகாலை 1.15)

நான் இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 22 வயது, தரமணி பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறேன், கல்யாணம் ஆகவில்லை. எனக்கு உறிஞ்சி எடுக்கும் முறையில் எட்டு வாரத்தில் செய்தார்கள். ஐந்தாவது வாரம் கிட் போட்டேன், ஒரே கோடு, நிம்மதியாக இருந்தேன். பீரியட்ஸ் இன்னும் வரவில்லை. இது ஒன்பதாவது வாரம், நேற்று போட்டால் இரண்டு கோடு. பழைய ஹார்மோன் திரும்பி வருமா? மறுபடி போனால் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொல்வார்களா? போன தடவை கணவர் பெயர் கேட்டார்கள், என் தோழி ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள்.

வேப்பமரம் (புதன், காலை 5.30)

அழாதேம்மா. உன்னை நீ என்றே சொல்கிறேன், என் பேத்தி வயது.

ஒரு கோடு வந்த பிறகு இரண்டு கோடு வந்தால் அது பழைய ஹார்மோன் இல்லை. இறங்கி முடிந்தது தானாக ஏறாது. புதிதாகத் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கலைத்த பிறகு முதல் பீரியட்ஸ் வந்தால்தான் மறுபடி தங்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். முட்டை அதற்கு முன்னாடியே வந்துவிடும், சிலருக்குப் பத்து நாளுக்குள்ளேயே. அதைப் போன தடவையே உனக்குச் சொல்லி, ஏதாவது கருத்தடை கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அது உன் தப்பு இல்லை.

இந்த வாரமே ஸ்கேனுக்குப் போ, புதிய கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். யாரும் கூட வர வேண்டியதில்லை. உனக்கு 18 முடிந்துவிட்டது, உன் கையெழுத்து மட்டும் போதும். கணவர் பெயரோ அப்பா சம்மதமோ சட்டத்தில் இல்லை. 1971ஆம் வருடச் சட்டத்தை 2021இல் திருத்தியபோது கருத்தடை தவறிப்போனால் என்று சொல்லும் இடத்தில் கணவர் என்பதை எடுத்துவிட்டுத் துணை என்று போட்டார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கும் அதே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் சொல்லிவிட்டது. உன் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர யாரிடமும் டாக்டர் சொல்லக் கூடாது, சொன்னால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. பொய்ப் பெயர் சொல்ல வேண்டாம், அந்த பேப்பர் நாளைக்கு உனக்கே தேவைப்படும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்கு இங்கேயே தனிச் செய்தி அனுப்பு, நான் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

ராயபுரத்துப்பெண் (புதன், காலை 9.00)

இரண்டு கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அபூர்வம், அதனாலேயே யாருக்கும் நினைவுக்கு வராது. எனக்கு பத்து வாரத்தில் உறிஞ்சி எடுத்தார்கள். இரத்தம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஆறாவது வாரம் பீட்டா 5,000 சொச்சம். சரி, மெதுவாக இறங்குகிறது என்றார்கள். அடுத்த வாரமும் அதே 5,000, அதற்கடுத்த வாரம் 6,000 தாண்டியது. கணவர் வெளியூரில், புதிதாகத் தங்க வழியே இல்லை. அப்போதுதான் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்றார்கள். என் பாட்டி காலத்திலேயே இருந்த பெயர், முத்து முத்தாகத் திராட்சைக் கொத்து மாதிரி நஞ்சு வளரும், அதில் சில நேரம் எடுத்த பிறகும் மிச்சம் நின்று வளர்ந்துகொண்டே போகும்.

எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டார்கள், வாரா வாரம் பீட்டா, பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மாதா மாதம். அதுவரை கர்ப்பமாகவே கூடாது, கர்ப்பமானால் ஹார்மோன் ஏறுவது நோயாலா கர்ப்பத்தாலா என்று தெரியாமல் போகும். முழுக்கக் குணமாகிற நோய் இது, இப்போது எனக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். நான் சொல்ல வந்தது இதுதான், எண் இறங்கவில்லை, ஒரே இடத்தில் நிற்கிறது, இல்லை ஏறுகிறது என்றால் விடாதீர்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள், எனக்கு அது ஒரு அலமாரியில் ஆறு வாரம் கிடந்தது.

மழைக்காலம் (வெள்ளி, இரவு 10.20)

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன், மாமியாரிடம் ஆபீஸ் மீட்டிங் என்று சொன்னேன். ஸ்கேனில் பை இல்லை. எண்டோமெட்ரியம் 11, கொஞ்சம் இரத்தக் கட்டி. நிழற்குடை அக்கா எழுதியதைப் படித்திருந்ததால் கிளீன் செய்ய வேண்டுமா, செய்தால் எந்த முறை என்று நானே கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், தேவையில்லை, உடம்பு தானே தள்ளிவிடும், அடுத்த பீரியட்ஸுக்குப் பிறகு வாருங்கள் என்றார். அன்றைக்கு பீட்டா 212. இன்று மறுபடி அதே லேபில் எடுத்தேன், 96.

சோதனைக்குழாய் சொன்னது சரி. 212க்கே அவ்வளவு அடர்த்தியான கோடு. அதைப் பார்த்துத்தான் மூன்று நாள் தூங்காமல் இருந்தேன்.

சோதனைக்குழாய் (வெள்ளி, இரவு 10.40)

48 மணியில் பாதிக்கும் கீழே. அருமை. இனி கிட் வேண்டுமென்றால் நாலு வாரம் தாண்டியதும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

விடுதிஅறை (சனி, மாலை 4.00)

வேப்பமரம் அக்கா வந்தார்கள். எழும்பூரில் காலை ஏழரைக்கே கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார்கள். ஸ்கேனில் ஐந்து வாரம், கர்ப்பப்பைக்குள்தான். என் பெயரைத்தான் சொன்னேன். கணவர் பெயர் யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் (இரண்டு வாரம் கழித்து, வியாழன், மாலை 7.05)

மாத்திரை எடுத்து 34ஆம் நாள். இன்று காலை கிட் போட்டேன், ஒரே கோடு. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடி வைத்தேன், அரை மணி கழித்து எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய் காப்பர் டி போடப் போகிறேன், இந்த முறை பால் கொடுப்பதை நம்பப் போவதில்லை.

பழைய கிட் இத்தனை நாளும் கைப்பையில்தான் இருந்தது, கூடவே மகனின் பிஸ்கட் பாக்கெட்டும். இன்று திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கியதும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.